படுத்தும் வடியாத வீக்கம்

உங்கள் மருத்துவர் சங்க மலருக்குப் பணி அனுபவம் எழுதித் தருமாறு கேட்டிருக்கிறீர்கள். இத்தகைய மலர்களில் ஓய்வுபெற்ற மருத்துவர்கள் எழுதுவதை வாசித்திருக்கிறேன். பெரும்பாலும் தாங்கள் காப்பாற்றிய உயிர்களைப் பற்றி எழுதுகிறார்கள். அந்த உயிர்களிடம் யாரும் கேட்டுச் சரிபார்த்ததாகத் தெரியவில்லை. நான் எழுத விரும்புவது வளரிளம் பையன்களுக்கு வரும் வெரிகோசீல் என்ற எளிய சங்கதியைப் பற்றி. விதைப்பையைச் சார்ந்த சிரை நாளங்கள் புடைத்துக்கொள்வதுதான் அது. ஓசூர்ப் பக்கத்து மக்கள் ‘நரம்பு சுருட்டு’ என்பார்கள். மருத்துவக் கல்லூரியில் இதற்கு ஒதுக்கப்படுவது ஒரு வகுப்பில் பாதி. அந்தப் பாதியையும் நம்மில் பலர் தூங்கியே கழித்தோம் என்பதற்குக் கிருஷ்ணகிரியிலிருந்து அத்திப்பள்ளிவரை நெடுஞ்சாலையின் இருபுறமும் உள்ள மருத்துவமனைப் பெயர்ப்பலகைகள் சாட்சி சொல்கின்றன.

நோயை முதலில் சொல்லிவிடுகிறேன். பையன் நிற்கும்போது அந்த நாளங்களில் இரத்தம் தேங்கிப் புடைக்கும். படுத்தால் வடிந்துவிடும். பெரும்பாலும் இடப்பக்கத்தில்தான் வரும். அந்தப் பக்கத்துச் சிரை நேராகச் சிறுநீரகத்தின் சிரையில் போய்ச் சேர்கிறது என்பதே காரணம். இதைக் கண்டறிய இரண்டு கைகள், வெதுவெதுப்பான ஓர் அறை, உடன் அவனுடைய தந்தை, சிறிது பொறுமை ஆகியவை போதும். முதலில் நிற்க வைத்துப் பார்க்க வேண்டும், பிறகு படுக்க வைத்துப் பார்க்க வேண்டும். நான் முதுநிலை படித்தபோது வாய்த்த பேராசிரியர் ஒருவர், இத்தகைய பையன் வந்தால் முதலில் ஏசியை அணைப்பார். பிறகு அவனிடம் கிரிக்கெட் பேசத் தொடங்கிவிடுவார். நாங்கள் அறிவாளிகள் அல்லவா, கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நிற்போம். “அவனுக்குக் கூச்சம் போகாம உங்களுக்கு நோய் தெரியாது” என்பார். அதை நகைச்சுவை என்று நினைத்துச் சிரித்தோம்.

கண்டறிந்த பிறகு பெரும்பாலான பையன்களுக்குச் செய்ய வேண்டியது காத்திருப்பது. ஆண்டுக்கு ஒருமுறை வரவழைத்து இரு பக்க வளர்ச்சியையும் அளந்து ஒப்பிட வேண்டும். ஒரு பக்கம் தொடர்ந்து பின்தங்கினாலோ வலி விடாமல் நீடித்தாலோ அறுவைச் சிகிச்சை. மற்றவர்களுக்கு ஒன்றும் வேண்டாம். அறுப்பதற்கு நம் படிப்பில் பாதி போதும். ‘ஒன்றும் வேண்டாம்’ என்று சொல்வதற்குத்தான் மீதிப் பாதி.

ஆனால் அதைச் சொன்னால் மரியாதை கிடைக்காது. பர்கூரிலிருந்து ஒரு தாய் பத்தாம் வகுப்பு படிக்கும் மகனை அழைத்து வந்திருந்தார். ஸ்கேன் அறிக்கையை எனக்கு முன்னால் இரு கைகளாலும் வைத்தார். பையனைப் பரிசோதித்துவிட்டு, வளர்ச்சி சமமாக இருக்கிறது, அடுத்த ஆண்டு வாருங்கள் என்றேன்.

“ஒண்ணுமே பண்ணாம அனுப்பறீங்களே சார். நாளைக்கு இவனுக்குக் கல்யாணம் காச்சின்னு ஆகி, ஏதாச்சும் ஒண்ணுன்னா நாங்க யாரைப் போய்க் கேக்கறது?”

“இப்ப பண்ண ஒண்ணும் இல்லம்மா.”

“பண்ண ஒண்ணும் இல்லன்னு சொல்றதுக்கா ரெண்டு பஸ்ஸு மாறி வந்தோம்?”

அடுத்த வாரமே அந்தப் பையனுக்கு வேறோர் இடத்தில் அறுவை முடிந்துவிட்டது. அந்தத் தாயின்மீது எனக்குக் கோபம் இல்லை. அவருக்குப் பயம், பயத்துக்கு ஏதாவது செய்தாக வேண்டும். அந்தப் பயத்துக்குக் கத்தி எடுத்தவரும் என்னைப் போலவே பட்டம் பெற்றவர். என் மரியாதையின்மை முழுவதும் அவருக்கே.

ஸ்கேன் அறிக்கை என்றேன். அதைப் பற்றியும் சொல்ல வேண்டும். பேருந்து நிலையத்தைச் சுற்றியுள்ள மையங்களில் பையனைப் படுக்க வைத்து, “நல்லா முக்கு” என்பார்கள். முக்கினால் எவருக்கும் நாளம் சற்றுப் புடைக்கும். சந்தையில் பேரம் பேசும்போது எனக்குக்கூடக் கழுத்து நாளம் புடைக்கிறது. அதற்காக யாரும் என் கழுத்தை அறுப்பதில்லை. ஆனால் அந்த அறிக்கையில் ‘வெரிகோசீல்’ என்று அச்சாகி வந்துவிட்டால் நீங்கள் அதைப் படிக்கிறீர்கள், பையனைப் பார்ப்பதில்லை. திரையில் தெரியாத எதையும் நம்பாத ஒரு தலைமுறையை நாமே பயிற்றுவித்திருக்கிறோம். சிலர் நோயாளியின் பெயரைக்கூட அறிக்கையைப் பார்த்துத்தான் சொல்கிறார்கள். அவன் எதிரே உட்கார்ந்திருக்கிறான்.

இனி நான் சொல்ல வந்த சனிக்கிழமைக்கு வருகிறேன்.

நெடுஞ்சாலையை ஒட்டிக் குத்தகை நிலத்தில் ராணுவ ஆள்சேர்ப்புக்குப் பயிற்சி தரும் அகாடமி ஒன்று இருந்தது. தகரக் கொட்டகை, மண் மைதானம், தொங்கிப் பழக ஒரு கம்பி. அதை நடத்தியவர் முன்னாள் படைவீரர்; பையன்கள் அவரை மாஸ்டர் என்று அழைத்தார்கள். ஊத்தங்கரைப் பக்கத்துக் கிராமங்களிலிருந்தும் ஓசூர்த் தொழிற்பேட்டைக் குடியிருப்புகளிலிருந்தும் வந்த பையன்கள் அங்கேயே தங்கி ஓடினார்கள். ஆள்சேர்ப்பு மருத்துவத் தேர்வில் வெரிகோசீல் இருந்தால் தகுதி இழப்பார்கள். அதனால் ரேலி எனப்படும் ஆள்சேர்ப்பு முகாமுக்குச் சில மாதங்களுக்கு முன்பே மாஸ்டர் ஒரு வேன் பிடித்து, மொத்தப் பையன்களையும் ஸ்கேன் மையத்துக்கு ஓட்டிச் செல்வார். அறிக்கையில் ஏதேனும் அச்சானவர்கள் எல்லாரும் நான் அறுவை மருத்துவராகப் பணியாற்றிய தனியார் மருத்துவமனைக்கு ஒரே நாளில் வந்து சேர்வார்கள். நிர்வாகம் இதற்கு ‘ஃபிட்னஸ் பேக்கேஜ்’ என்று பெயரிட்டிருந்தது. அறுவை செய்ய நான் மறுத்துவிட்டதால் கர்நாடக எல்லைக்கு அப்பாலிருந்து ஓர் இளம் அறுவை மருத்துவர் சனிக்கிழமைதோறும் வரவழைக்கப்பட்டார். கைத்திறன் உள்ளவர். அந்தக் கையை உறை அணிந்த பிறகே நோயாளியின்மீது வைப்பார் என்பது ஒன்றுதான் குறை.

அவருக்கு மயக்க மருத்துவராக இருந்தவர் என் மனைவி. இதே மண்ணில் பிறந்தவர். வீட்டில் தெலுங்கு, தெருவில் கன்னடம், மருத்துவமனையில் தமிழ். மூன்றிலும் அவரிடம் திட்டு வாங்கியவர்கள் உண்டு. அறுவைக்கு முன் ஒவ்வொரு நோயாளியோடும் உட்கார்ந்து பேசுவது அவருடைய வழக்கம். “லிஸ்ட் லேட் ஆகுது மேடம்” என்று நிர்வாகத்தினர் அதைக் குறைகூறுவார்கள். “தூங்க வைக்கறவ நான். யாரைத் தூங்க வைக்கறேன்னு எனக்குத் தெரியணும்” என்பார்.

அந்தச் சனிக்கிழமை காலையில் பச்சை அங்கி அணிந்து ஒரு பெஞ்சு நிறையப் பையன்கள் உட்கார்ந்திருந்தார்கள். பயத்தை மறைக்க ஒருவரை ஒருவர் சீண்டிக்கொண்டிருந்தார்கள். பிறகு என் மனைவி சொல்லக் கேட்டதை அப்படியே எழுதுகிறேன்.

“காலையில யாராவது எதாவது சாப்பிட்டீங்களா? உண்மையைச் சொல்லணும்.”

“தண்ணிகூட குடிக்கலீங்க மேடம்.”

“இவன் பேஸ்ட்டை முழுங்கிட்டான் மேடம்.”

“டேய், நீ சோப்பையே முழுங்குனவன்டா.”

“மேடம், அவனைக் கேளுங்க. அல்லாரும் பாஸு, அவன் ஒருத்தன்தான் பெயிலு.”

“எதுல பெயில்?”

“கால் தூக்கறதுல மேடம்.”

பெஞ்சு முழுதும் சிரித்தது. ஓரத்தில் உட்கார்ந்திருந்த நெட்டையான பையன் மட்டும் சிரிக்கவில்லை. அவன் பெயரை எழுதப்போவதில்லை. சொந்த ஊர் கல்லாவி என்பதால் கல்லாவிப் பையன் என்றே சொல்கிறேன். பதினேழு வயது.

“மூடுங்கடா” என்றான்.

“நீ சொல்லு” என்று பேசியவனிடம் கேட்டார் என் மனைவி.

“மெடிக்கல்ல கூப்புடறதுக்கு முன்னாடி மல்லாக்கப் படுத்துக் காலைச் செவுத்துமேல தூக்கி வெச்சுக்கணும் மேடம். மாஸ்டர் சொல்லிக் குடுத்தாரு. கொஞ்ச நேரத்துல வீக்கம் எறங்கிரும். பேரைக் கூப்பிட்டதும் எழுந்து ஓடிப்போயி நிக்கணும். டாக்டரு பாத்து முடிக்கறவரைக்கும் தாங்கும். சில பேருக்குத் தாங்காதுன்னுதான் இப்ப ஆபரேசன்.”

“எங்களுக்கெல்லாம் எறங்கிருது மேடம். இவனுக்கு எவ்வளோ நேரம் தூக்கி வெச்சாலும் அப்படியே நிக்குது. நேராக் காலைத் தூக்கத் தெரியாதவன் மிலிட்டரிக்குப் போயி என்னா கிழிக்கப் போறேன்னு மாஸ்டரு கிரவுண்டைச் சுத்தி ஓட வுட்டாரு.”

மறுபடியும் சிரிப்பு. ஒரு நோய்க்குறி இப்படித்தான் நம்மிடம் வந்து சேரும், நண்பர்களே. தலைப்பிட்டு அடிக்கோடிட்டு வராது. ஒருவனைக் கேலி செய்யும் சாக்கில், பச்சை அங்கி அணிந்த பெஞ்சிலிருந்து வரும். நீங்களாக இருந்தால் சிரித்துவிட்டு அடுத்தவனுடைய இரத்த அழுத்தத்தைக் குறித்திருப்பீர்கள். மற்றப் பையன்களை வெளியே அனுப்பிவிட்டு என் மனைவி அவன் பக்கத்தில் உட்கார்ந்தார்.

“கண்ணு, படுத்தா கொஞ்சமாவது குறையுதா?”

“இல்லீங்க மேடம்.”

“தூங்கி எழுந்ததும்?”

“அப்படியேதாங்க இருக்குது. கட்டில்ல கால் பக்கம் செங்கல் வெச்சு ஒசத்திக்கூடப் படுத்துப் பாத்தனுங்க. மாஸ்டரு நான் ஏமாத்தறேங்கறாரு.”

“எப்பலருந்து?”

“மாங்கா சீசன்ல இல்லீங்க. அதுக்கப்பறந்தான் திடீர்னு வந்துச்சு.”

நான் என் அறையில் புறநோயாளிகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ‘மேடம் உடனே வரச் சொன்னார்’ என்று செவிலியர் வந்து சொன்னார். எங்கள் மணவாழ்க்கையில் ‘உடனே’ என்ற சொல்லை அவர் பயன்படுத்தியதில்லை. எழுந்து போனேன்.

பையனின் தந்தையை உள்ளே அழைத்துக்கொண்டேன். தொழிற்பேட்டை இரும்பு வார்ப்பாலை ஒன்றில் ஒப்பந்தத் தொழிலாளி. இரவு ஷிப்ட் முடிந்து சீருடையோடு வந்திருந்தார். பையனை நிற்க வைத்துப் பார்த்தேன். இடப்பக்கம்; எவரும் தவறவிட முடியாத அளவு. படுக்க வைத்துக் காத்திருந்தேன். வடியவில்லை. மேலும் காத்திருந்தேன். பிறகு அவன் இடது விலாவுக்குக் கீழே கையை வைத்து, மூச்சை இழு என்றேன். மூச்சோடு ஏதோ ஒன்று கீழே இறங்கி வந்து என் விரல்நுனியைத் தொட்டுவிட்டுப் போனது. அங்கே அப்படி ஒன்று இருக்கக் கூடாது.

படுத்தால் வடியாத புடைப்பு என்றால், மேலே எங்கோ இரத்தத்தின் வழி அடைபட்டிருக்கிறது. இடப்பக்கத்து வழி சிறுநீரகச் சிரைக்குப் போகிறது என்று முன்பே சொன்னேன். கணக்கு அவ்வளவுதான். அந்தக் கணக்கைப் போடாமலே ஸ்கேன் மையத்தில் ஒருவரும், அனுமதிப் பிரிவில் ஒருவரும், அறுவைப் பட்டியலில் ஒருவருமாக மூன்று மருத்துவர்கள் கையொப்பமிட்டிருந்தார்கள். அவனைக் கடைசியாகத் தொட்டது எடை பார்த்த பணியாளராக இருக்கக்கூடும்.

பையனை வெளியே அனுப்பிவிட்டுத் தந்தையிடம் ஒளிக்காமல் சொன்னேன்.

“கிட்னியில ஒரு கட்டி இருக்கலாம். உறுதியா தெரியாது, வயித்தை ஸ்கேன் பண்ணினாத்தான் தெரியும். இருந்து, நாம இன்னைக்கு இந்த நரம்பை மட்டும் கட்டிவிட்டா, வெளிய தெரியற அடையாளம் மறைஞ்சுடும். உள்ள இருக்கறது வளரும்.”

அவர் கதவுப் பக்கம் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

“நரம்பு சுருட்டுன்னுதானுங்க கூட்டியாந்தாங்க. இப்ப வவுத்துல என்னாத்தைத் தேடறீங்க?”

“தேடித்தான் பாக்கணும்.”

“மாஸ்டரை ஒரு வார்த்தை கேட்டுக்கறனுங்க.”

இந்த இடத்தை நீங்கள் கவனிக்க வேண்டும். நோயைக் கண்டறிவது பாதி வேலைகூட இல்லை. மகன் எதைத் தின்ன வேண்டும், எப்போது எழ வேண்டும், எவ்வளவு தூரம் ஓட வேண்டும் என்பதையெல்லாம் மாஸ்டரிடம் ஒப்படைத்துவிட்ட தந்தை அவர். மாஸ்டர் சரி என்றால் ஸ்கேன். வேண்டாம் என்றால் வேன். நான் கற்ற மருத்துவம் முழுவதும் அந்தக் கணத்தில் ஒரு வேன் ஓட்டியின் சாவியைவிடச் சிறியதாக இருந்தது.

அறுவை அரங்குக்கு முன்னால் எல்லாரும் கூடிவிட்டார்கள். சனிக்கிழமை மருத்துவர் முகமூடியைக் கழுத்துக்கு இறக்கிவிட்டுக்கொண்டு வந்தார்.

“கிரேடு த்ரீ சார். பெருசா இருந்தா படுத்தாலும் கொஞ்சம் நிக்கத்தான் செய்யும். சும்னே டென்ஷன் ஆகாதீங்க.”

“நீவு முட்டி நோடிதீரா?” என்றார் என் மனைவி. நீங்கள் தொட்டுப் பார்த்தீர்களா என்று பொருள். புரியாததுபோல் நடிக்க இடம் தரக் கூடாது என்பதற்காகவே கன்னடத்தில் கேட்டார்.

“ரிப்போர்ட் இருக்குது இல்ல மேடம்?”

“நான் கேட்டது ரிப்போர்ட்டை இல்ல.”

நிர்வாக மேலாளர் நேரத்தைப் பற்றி ஏதோ சொன்னார். அவர் சொன்னது நினைவில்லை. அவர் சொன்ன எதுவுமே எனக்கு நினைவில் தங்கியதில்லை. மாஸ்டர் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, அணிவகுப்பைப் பார்வையிடுபவர்போல் முன்னால் வந்தார்.

“என்னா மேடம் இது, கடைசி நேரத்துல? ரேலி தலைமேல நிக்குது. உங்களால முடியலேன்னா சொல்லுங்க. அத்திப்பள்ளி தாண்டினா ஆஸ்பத்திரிக்கா பஞ்சம்? வண்டி வெளியதான் இருக்குது. டேய், டிரஸ்ஸை மாத்துடா.”

பையன் எழுந்துவிட்டான். ஆணை கேட்டால் எழுந்து பழகியவன். தந்தை மாஸ்டரையே பார்த்தார்.

எனக்கு இரண்டு வழிகள் தெரிந்தன. புற்றாக இருக்கலாம் என்று அந்தக் கூட்டத்தின் நடுவே உரக்கச் சொல்வது ஒன்று. அப்படிச் சொன்னால் பையன் அங்கேயே நிலைகுலைவான். ஸ்கேனில் ஒன்றும் இல்லையென்றால் நான் ஊர் சிரிக்கும் கிழவன். வாயை மூடிக்கொண்டு மறுப்புக் குறிப்பு எழுதுவது மற்றொன்று. என் கை சுத்தமாக இருக்கும். மாலைக்குள் அவன் எல்லைக்கு அப்பால் ஒரு மேசையில் கிடப்பான். நம் தொழிலில் கையைச் சுத்தமாக வைத்துக்கொள்பவர்கள் அதிகம். சோப்பு போட்டு அல்ல, குறிப்பு எழுதி.

என் மனைவி இரண்டையும் செய்யவில்லை. மாஸ்டருக்கு மிக அருகில் போய், பையனுக்குக் கேட்காத குரலில் பேசினார்.

“தாராளமா கூட்டிட்டுப் போங்க. இவன் வயித்துல ஒரு கட்டி இருக்கலாம்னு நான் உங்ககிட்ட சொல்லிட்டேன். சொன்னதுக்கப்புறமும் வண்டியில ஏத்தினது நீங்கதான்னு கேக்கறவங்க எல்லார்கிட்டயும் சொல்லுவேன். படுத்தா இறங்கலைன்னு இவன் சொன்னப்ப, கிரவுண்டைச் சுத்தி ஓடவிட்டதையும் சேர்த்துச் சொல்லுவேன். மிலிட்டரிக்காரங்க கேட்டாலும் சொல்லுவேன்.”

மாஸ்டரின் கைகள் பின்னாலிருந்து முன்னால் வந்தன.

“நான் எதுக்கு மேடம் இதுல? அவங்க அப்பா இருக்காரு. அவரையே கேட்டுக்குங்க” என்றார். பிறகு யாரோ அழைப்பதாகச் சொல்லிக் கைபேசியைக் காதில் வைத்துக்கொண்டு வெளியே போனார். கைபேசி ஒலித்ததை எங்களில் எவரும் கேட்கவில்லை. எல்லையைக் காத்தவர் இவ்வளவு விரைவாகப் பின்வாங்கியதை நான் அதுவரை பார்த்ததில்லை.

கேட்பதற்கு வேறு ஆளில்லாமல் தந்தை தனியே நின்றார். நான் ஒன்றும் பேசவில்லை. என் மனைவியும் பேசவில்லை. பேசாமலிருப்பதும் ஒரு மருத்துவச் செயல். உங்களுக்கு அதில் பயிற்சி போதாது.

“அப்ப நாந்தானுங்க சொல்லணும்?”

“நீங்கதான்.”

அவர் சீருடைச் சட்டையின் முனையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். “ஸ்கேன் எடுங்க” என்றார்.

இடது சிறுநீரகத்தில் கட்டி இருந்தது. சிரைக்குள்ளும் அதன் ஒரு நாக்கு நீண்டிருந்தது. ஸ்கேன் அறையின் இருட்டில் பையன் எங்கள் முகங்களைப் பார்த்தான்; அவனுக்குத் திரை புரியாது, முகம் புரியும்.

“அப்ப ரேலி?” என்றான்.

என் மனைவி அவன் வயிற்றிலிருந்த ஸ்கேன் பசையைத் துணியால் துடைத்துவிட்டார்.

அன்றே பெங்களூரில் பெரிய மருத்துவமனை ஒன்றுக்கு அனுப்பினோம். சிறுநீரகத்தையும் கட்டியையும் முழுமையாக எடுத்தார்கள். பரவியிருக்கவில்லை. இன்னும் ஒரு ரேலிக் காலம் கடந்திருந்தால் இதை நான் வேறு மாதிரி எழுதியிருப்பேன், அல்லது எழுதியிருக்கவே மாட்டேன்.

மறுபரிசோதனைக்கு முதல்முறை வந்தபோது அவன் என் மனைவியின் முன்னால் உட்கார்ந்தான். உடல் இளைத்திருந்தது. அகாடமியில் அவனுடைய கட்டிலை வேறொருவனுக்குக் கொடுத்துவிட்டார்கள்.

“மேடம், நான் இனிமே எப்பவுமே அன்ஃபிட்டுதானுங்களா?”

ஒரு சிறுநீரகத்தோடு ராணுவத்தில் சேர முடியாது. அது அவனுக்கும் தெரியும். அவர் அதைப் பற்றிப் பேசவில்லை.

“அதை யாரு சொல்றது? மாஸ்டரா?”

“எல்லாரும்தான் சொல்றாங்க.”

“எல்லாரும் சொன்னா செல்லாது. நான் சொன்னாத்தான் செல்லும். அதுக்கு டைம் இருக்கு. ஒவ்வொரு வருஷமும் வந்து காட்டு. சொல்ல வேண்டிய அன்னைக்கு நானே சொல்றேன், ஃபிட்டுன்னு.”

ஆண்டுதோறும் வந்தான். ஒவ்வொரு முறையும் போகும்போது, “இன்னைக்குச் சொல்றீங்களா மேடம்?” என்பான். “போடா, அடுத்த வருஷம் பாக்கலாம்” என்பார். அது அவர்கள் இருவருக்கும் ஒரு விளையாட்டாகவே ஆகிவிட்டது.

மற்றவர்கள் என்ன ஆனார்கள் என்று கேட்பீர்கள். அகாடமியின் வாசலில் அடுத்த ஆண்டே ஒரு பிளெக்ஸ் முளைத்தது: ‘மாணவர்களின் உயிர் காக்கும் முழு உடல் பரிசோதனை’. மாஸ்டரின் படம் பெரிதாக, சல்யூட் அடித்தபடி. சனிக்கிழமை மருத்துவர் ஒரு மாநாட்டில் இதே நோயாளியைத் தம் அரிய அனுபவமாக விளக்கினார். ‘படுத்தும் வடியாத வெரிகோசீல்: ஓர் எச்சரிக்கை’ என்று தலைப்பு. படங்கள் அழகாக இருந்தன. தாம் தொட்டுப் பார்த்தபோது ஏற்பட்ட ஐயத்தைப் பற்றி உருக்கமாகப் பேசினார். நான் எழுந்து வெளியேறப் போனேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் மனைவி என் கையைப் பிடித்து உட்கார வைத்துவிட்டுக் கைதட்டினார்.

“பொய்தான் சொல்றான்” என்றார். “ஆனா மேடையில சொல்லிட்டான் இல்ல? இனிமே அடுத்தவனைத் தொட்டுத்தான் பாக்கணும். பாக்காம இருக்க முடியாது.”

அவர் சரியாகத்தான் சொன்னார். அந்த மருத்துவர் இப்போது தொட்டுப் பார்க்கிறார் என்று கேள்விப்பட்டேன். என் ஏளனத்தால் இதுவரை யாரும் திருந்தியதில்லை. என் மனைவியின் கைதட்டலால் ஒருவர் திருந்தியிருக்கிறார். இந்த ஒப்பீட்டிலிருந்து நான் எதையும் கற்றுக்கொள்ளவில்லை என்பதை இதுவரை படித்திருந்தால் கண்டிருப்பீர்கள்.

சென்ற ஆண்டு என் மனைவி காலமானார். சில மாதங்களாக முதுகுவலி இருந்தது. மூன்று நிபுணர்களிடம் காட்டினார். மூவரும் முதுகெலும்பின் எம்.ஆர்.ஐ. படங்களை விளக்குப் பெட்டியில் வைத்து, வயதானால் தேய்மானம் இயல்பு என்று விளக்கினார்கள். படங்கள் தெளிவாகவே இருந்தன. முதுகுக்கு முன்னால் வயிறு என்று ஒன்று இருக்கிறது. கட்டி அங்கே இருந்தது; அதில் எவரும் கை வைக்கவில்லை. மூத்த மருத்துவர் அல்லவா, மேடத்தைப் படுக்கச் சொல்லத் தயக்கமாக இருந்தது என்று பின்னர் ஒருவர் சொன்னார். கணவன் தனக்கு மருத்துவராக இருக்கக் கூடாது என்பது என் மனைவி எங்கள் வீட்டுக்கு வகுத்த விதி. நான் அதை மீறவில்லை. இதற்கு மேல் அதைப் பற்றி எழுதுவதற்கில்லை.

அந்த மூவரும் உங்கள் சங்கத்தின் உறுப்பினர்கள். இந்த மலர் அவர்களுக்கும் வந்து சேரும் என்பது நீங்கள் கேட்டவுடன் நான் எழுத ஒப்புக்கொண்டதற்கு ஒரு காரணம்.

பணியிலிருந்து விலகிய பிறகு பழைய நோயாளிகள் சிலரை நானும் மனைவியும் வீட்டு முன்னறையில் பார்த்துவந்தோம். என் மேசைக்குப் பக்கத்தில் அவருடைய நாற்காலி. அதை நான் நகர்த்தவில்லை. அண்மையில் கல்லாவிப் பையன் வந்தான். இப்போது பையன் இல்லை. தொழிற்பேட்டைக் கிடங்கு ஒன்றில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறான், மீசை அடர்ந்திருக்கிறது. செய்தி அவனுக்குத் தெரிந்திருக்கவில்லை. நாற்காலியைப் பார்த்தான்.

“மேடம் உள்ள இருக்காங்களா சார்?”

சொன்னேன். அவன் கொண்டுவந்த பையை அவருடைய நாற்காலிக்குப் பக்கத்தில் வைத்தான். பிறகு, நான் சொல்லாமலே, பழக்கத்தால் போய்ப் பரிசோதனைக் கட்டிலில் படுத்துக்கொண்டான். விசிறியை நிறுத்தினேன். கையை வைத்து, மூச்சை இழு என்றேன். வயிறு மென்மையாக இருந்தது. எழுந்து நிற்கச் சொன்னேன், மறுபடி படுக்கச் சொன்னேன். கொண்டுவந்த ஸ்கேன் படங்களைக் கடைசியாகப் பார்த்தேன். அவையும் நான் கையால் அறிந்ததையே சொல்லின. நோய் திரும்பாமல் கடக்க வேண்டிய காலத்தை அவன் கடந்துவிட்டான். இந்த முறைதான் சொல்லிவிடலாம் என்று அவர் வைத்திருந்தார், என்னிடம் சொல்லியிருந்தார்.

“ஃபிட்” என்றேன்.

அவன் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே நாற்காலியை மீண்டும் ஒருமுறை பார்த்தான்.

“நீங்க சொன்னா செல்லுங்களா சார்?”

“செல்லாதுதான்” என்றேன். “ஆனா இனிமே வேற ஆள் இல்ல.”